ஆங்கிலப் பத்தி நடத்தும்போது எந்த இடத்தில் தமிழுக்குத் தாவலாம்?

#1 கரும்பலகை

எல்லாருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பிள்ளைகள் யார் வீட்டிலும் ஆங்கிலம் கிடையாது. வகுப்பில் நாற்பது நிமிடம் கேட்பதுதான் அவர்களுக்கு ஆங்கிலம்.

இத்தனை வருடமாக நான் செய்துவந்தது இதுதான்: ஒரு வரி வாசிப்பேன், உடனே அதைத் தமிழில் சொல்வேன், அடுத்த வரிக்குப் போவேன். மணியடிப்பதற்குள் பாடம் முடிந்துவிடும். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது மிஸ்" என்று கோரஸாக வரும். பாடத்துக்குக் கீழே இருக்கும் கேள்விகளுக்கு விடையும் எழுதிவிடுவார்கள். எனக்கும் திருப்தி, அவர்களுக்கும் திருப்தி.

போன மாதம் முன்பின் பார்க்காத பத்தி ஒன்றைக் கொடுத்தேன். கார்ல் ஃபான் ஃபிரிஷ் தேனீக்களின் நடனத்தைப் படித்தறிந்த கதை, பதினான்கு வரி. பாடப்புத்தகத்தைவிடச் சுலபமான ஆங்கிலம். அதில் ஒரு வரி:

"தி பீஸ் டிரெயின்ட் டு ஃபைண்ட் சுகர் வாட்டர் ரிட்டர்ன்ட் டு தி ஹைவ்."

கிட்டத்தட்ட எல்லாருமே "தேனீக்கள் பயிற்சி கொடுத்தன" என்று ஆரம்பித்து, ரிட்டர்ன்ட் வந்ததும் நின்றுவிட்டார்கள். இதில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஹைவ் மட்டும் புதிது, அதற்குப் பக்கத்திலேயே படம் இருந்தது. வகுப்பிலேயே கெட்டிக்காரப் பையன் எழுந்து, "மிஸ், அச்சுப்பிழை. நடுவுல ஆண்ட் விட்டுப்போச்சு" என்றான். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இதற்கு நடுவில் பயிற்சி வகுப்பு எடுக்க வந்தவர் "ஆங்கில வகுப்பில் ஒரு சொல்கூடத் தமிழ் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் அப்படியே செய்துபார்த்தேன். குண்டூசி விழுந்தால் கேட்கும். வராந்தாவில் நடந்துபோகிறவர்கள் நல்ல ஒழுக்கமான வகுப்பு என்று நினைத்திருப்பார்கள்.

என் கேள்வி: தமிழை அறவே விட்டுவிட வேண்டுமா? இல்லை, நான் அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் கோளாறா?


#2 அகராதி_பிடிச்சவன்

டீச்சர், மனசுல பட்டதைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பயிற்சியாளர் சொன்னது சரி. மூணு நாள்ல என்ன தெரியும்? மூணு மாசம் விடாம செய்யுங்க.

1878-ல பெர்லிட்ஸ்ங்கிறவர் அமெரிக்காவுல மொழிப் பள்ளி ஆரம்பிச்ச கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவருக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு, பிரெஞ்சு சொல்லித்தர வந்த உதவி ஆசிரியருக்கோ ஆங்கிலம் சுத்தமா வராது. வேற வழியில்லாம சைகையும் பிரெஞ்சுமா நடத்தினார். பெர்லிட்ஸ் திரும்பி வந்து பார்த்தா பசங்க பிரெஞ்சுல பேசிக்கிட்டு இருக்காங்க. அதுல பிறந்ததுதான், கத்துக்கிற மொழியிலேயே நடத்துற அவரோட முறைன்னு சொல்வாங்க.

நானும் அப்படிப்பட்ட வகுப்புல உட்கார்ந்தவன்தான். முதல் ஆறு மாசம் ஒண்ணும் புரியல. அப்புறம் புரிஞ்சுது. நீச்சல் கத்துக்கணும்னா தண்ணியில இறங்கித்தானே ஆகணும்?


#3 நடுப்பெஞ்சு

அந்த நீச்சல் உதாரணத்தை யாராவது சட்டம் போட்டுத் தடை பண்ணுங்கப்பா. தண்ணியில தள்ளிவிட்டு எத்தனை பேரு மூழ்குனாங்கன்னு யாரும் கணக்கெடுக்கிறதில்ல. கரையேறினவன் மட்டும் வந்து பதிவு போடுறான்.

நான் மூழ்குன கோஷ்டி. எங்க வாத்தியார் தமிழே பேச மாட்டார். நல்ல மனுஷன், அதுல குறை இல்ல. ரிலக்டண்ட்னா என்ன சார்னு கேட்டா "அன்வில்லிங்". அன்வில்லிங்னா? "நாட் இன்க்ளைண்ட்". நான் மூணையும் அழகா நோட்டுல எழுதி வச்சேன். மூணுக்கும் அர்த்தம் தெரியாது, ஆனா மூணும் ஒண்ணுன்னு தெரியும். "மனசில்லாம"ன்னு ஒரே ஒரு சொல்லு, அரை விநாடி வேலை. கிடைக்கல.

அதைவிடப் பெரிய கூத்து ஹார்ட்லி. "ஹி ஹார்ட்லி வொர்க்ட்"னு கதையில வரும். ஹார்ட்னா கடினம், ஹார்ட்லின்னா கடினமா. அப்ப அவன் உழைப்பாளி! கதை முழுக்க அந்த சோம்பேறியை உழைப்பாளியா நினைச்சே படிச்சேன். கடைசியில அவனை வேலையை விட்டுத் தூக்கினதும் எனக்கு முதலாளி மேல அவ்வளவு கோபம். காலேஜ் ரெண்டாம் வருஷம் வரைக்கும் அந்தக் கோபம் இருந்துச்சு.

வகுப்புல நான் கேள்வி கேக்கல. புரியலன்னு தெரிஞ்சாத்தானே கேக்குறதுக்கு? எனக்குத்தான் நல்லாப் புரிஞ்சுதே.


#4 இரண்டாம்மொழி

நடுப்பெஞ்சு சொன்ன கடைசி வரி முக்கியமானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

"ஆங்கிலத்தை ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்க வேண்டும்" என்பது ஏதோ நிரூபித்து முடிந்த விஞ்ஞானம்போலப் பயிற்சிகளில் சொல்லப்படுகிறது. அப்படியில்லை. 1961-ல் உகாண்டாவின் மக்கெரேரேயில் இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஒரு காமன்வெல்த் மாநாடு நடந்தது. அதன் அறிக்கைக்குள் ஓடிய ஐந்து நம்பிக்கைகளை ராபர்ட் ஃபிலிப்சன் 1992-ல் பிரித்தெடுத்துக் காட்டினார். ஆங்கிலம் மட்டுமே வகுப்பு மொழி, தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர், சீக்கிரம் தொடங்கினால் நல்லது, எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது, வேற்றுமொழி நுழைந்தால் ஆங்கிலத்தின் தரம் விழும். ஐந்தும் பிழையான நம்பிக்கைகள் என்பது அவர் கட்சி. நமது வகுப்பறைகளில் இன்றும் விதியாகத் திரிவது இந்த ஐந்தில் ஒன்று, அவ்வளவே.

பெர்லிட்ஸ் கதை சுவையானது. ஆனால் அது பேச்சு கற்கும் வகுப்பு. பேசுகிறவர் கண்முன் நிற்கிறார், புரியாவிட்டால் கையைக் காட்டுவார், முகத்தைச் சுளிப்பார். அச்சடித்த பத்தி முகம் சுளிக்காது. நாம் தவறாகப் புரிந்துகொண்டு அடுத்த வரிக்குப் போனால் தடுக்கவும் தடுக்காது. ஹார்ட்லி விஷயத்தில் நடந்தது அதுதான்.

இனி கரும்பலகை மேடம் கேட்டதற்கு. நீங்கள் செய்வதைக் கோட் ஸ்விட்சிங் (பேச்சுக்கு நடுவே ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது) என்று நான் சொல்ல மாட்டேன். அது நேரலை மொழிபெயர்ப்பு. பிள்ளைகள் காதால் ஒரு தமிழ்க் கதை கேட்டார்கள், கேட்டது நன்றாகப் புரிந்தது, அதனால்தான் "புரிஞ்சுது மிஸ்". அதில் பொய் இல்லை. ஆனால் ஆங்கில வரியின்மேல் அவர்கள் கண் ஒருநாளும் வேலை செய்யவில்லை. பிறகு தனியாகப் பத்தியைக் கொடுத்தால் தெரிந்த சொற்களை வைத்துக்கொண்டு தவிக்கத்தான் செய்வார்கள்.

இன்னொன்று. வகுப்பில் தமிழைத் தடுத்தாலும் தலைக்குள் தடுக்க முடியாது. ரிச்சர்ட் கெர்ன் 1994-ல் வெளியிட்ட ஆய்வு, பிரெஞ்சு வாசிக்கும் மாணவர்கள் மனத்துக்குள் தாய்மொழியில் பெயர்த்துக்கொண்டே போவதைக் காட்டியது. நீண்ட வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகாமல் பொருளைப் பிடித்துவைத்துக்கொள்ள அது உதவுகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கெடுக்கவும் செய்கிறது. ஆக, பிள்ளை எப்படியும் பெயர்க்கத்தான் போகிறது. அது சரியாகப் பெயர்க்கிறதா என்று ஆசிரியர் காதில் விழ வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி.


#5 கரும்பலகை

"நேரலை மொழிபெயர்ப்பு" என்று படித்ததும் சுருக்கென்றது. ஆனால் உண்மைதான்.

சரி, என்னை ஒரு மாணவியாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேனீ வரி கரும்பலகையில் இருக்கிறது. முப்பத்தைந்து பேர் எதிரே இருக்கிறார்கள். யாராவது வகுப்புக்குள் நின்று சொல்லுங்கள், என்ன செய்வீர்கள்?


#6 சொல்லேருழவன்

அம்மா, நான் முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்து ஓய்வு பெற்றவன். நானும் முதல் பத்து வருஷம் நீங்கள் செய்ததைத்தான் செய்தேன். ஆகவே குற்றவுணர்ச்சி வேண்டாம்.

அந்த வரியில் உங்கள் பையன் "அச்சுப்பிழை" என்றானே, அவன் அதிபுத்திசாலி. அவன் மூளைக்குள் தமிழ் இலக்கணம் கச்சிதமாக வேலை செய்கிறது. தமிழில் ஒரு பெயரை விவரிக்கிற சொற்கள் அத்தனையும் அந்தப் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். "சர்க்கரைத் தண்ணீரைத் தேடப் பழக்கப்பட்ட தேனீக்கள்." தேனீ கடைசியில். வினைமுற்று வாக்கியத்தின் வாலில். இங்கிலீஷில் தேனீ முதலில் வந்துவிடுகிறது, விவரம் அதன் பின்னால் தொங்குகிறது. போதாக்குறைக்கு "விச் வேர்" என்பதையும் முழுங்கிவிட்டார்கள். டிரெயின்ட் என்பதற்கு இறந்தகால வினைமுற்றின் முகமே இருப்பதால் பையன் அதையே பயனிலையாக எடுத்துக்கொண்டான். இப்போது ரிட்டர்ன்ட் அநாதையாகிவிட்டது. நடுவில் ஆண்ட் போட்டால்தானே அவனுக்கு வாக்கியம் நிற்கும்? அவன் திருத்தம் முழுக்க நியாயம்.

இதை இங்கிலீஷில் "ரெட்யூஸ்ட் ரிலேட்டிவ் கிளாஸ்" என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். ஒரு கஷ்டம் இரண்டாகும்.

நான் செய்வது: வரியை முழுசாக இங்கிலீஷில் இரண்டு தரம் வாசிப்பேன். தமிழில் பொருள் சொல்லவே மாட்டேன். கேள்விதான் தமிழில்.

"ரிட்டர்ன்ட்... யார் திரும்பி வந்தது?"
"தேனீ சார்."
"எல்லாத் தேனீயுமா?"
இங்கே ஒரு அமைதி வரும். நல்ல அமைதி, உங்கள் மூன்று நாள் அமைதி இல்லை. 
"எந்தத் தேனீ?"

இந்த "எந்த" இருக்கிறதே, அது சாவி. நாலைந்து பேர் பின்னால் போய்த் தேடுவார்கள். ஒரு குரல் வரும்: "டிரெயின் பண்ண தேனீ!" கவனியுங்கள், அவனே தாவிவிட்டான், நான் தாவச் சொல்லவில்லை. "டிரெயின் பண்ண தேனீ" என்று சொன்ன நிமிஷமே விவரத்தைப் பெயருக்கு முன்னால் கொண்டுவந்து தமிழ் வரிசையில் உட்கார வைத்துவிட்டான். வேலை அங்கேயே முடிந்தது. போர்டில் டிரெயின்ட் முதல் வாட்டர் வரைக்கும் ஒரு கூடு வரைவேன். கூட்டைக் கையால் மறைத்தால் "தி பீஸ் ரிட்டர்ன்ட் டு தி ஹைவ்." கையை எடுத்தால் முழு வாக்கியம். எல்லாரும் ஒரே மூச்சில் இங்கிலீஷில் வாசிக்க வேண்டும்.

இதோடு விட்டால் பாதி வேலைதான். உடனே இன்னொரு வரி, தமிழே இல்லாமல்: "தி ஸ்டூடண்ட்ஸ் சென்ட் டு தி லைப்ரரி கேம் பேக் லேட்." யார் லேட்? யாரை அனுப்பினார்கள்? இதற்கு விடை வந்தால் அடுத்த பத்தி. வராவிட்டால் இன்னொரு வரி. எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம்.

பதினான்கு வரியில் மூன்று இடத்தில்தான் இப்படி நிற்பேன். எந்த மூன்று என்று முதல் நாள் இரவே பென்சிலில் குறித்துவிடுவேன். வகுப்பில் நின்றுகொண்டு முடிவு செய்தால் வாய் தானாகத் தமிழுக்குப் போய்விடும். சோம்பேறித்தனம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும்.


#7 இரண்டாம்மொழி

சொல்லேருழவன் ஐயா, அருமை. நீங்கள் செய்ததன் நெருங்கிய உறவினர் ஒருவர் உண்டு. ஜெர்மானியரான வொல்ஃப்கேங் புட்ஸ்காம் "சாண்ட்விச்" உத்தி என்று சொல்வது: அந்நியமொழித் தொடர், அதன் தாய்மொழிப் பொருள் மெல்லிய குரலில், மறுபடி அதே அந்நியமொழித் தொடர். முக்கியம் மூன்றாவது அடுக்கு. நம் வகுப்புகளில் பெரும்பாலும் இரண்டாவது அடுக்கோடு நின்றுவிடுகிறது.

அந்தப் பையனிடம் இதையும் சொல்லுங்கள் மேடம்: "தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்" (கொட்டகையைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது) என்ற வாக்கியத்தை 1970-ல் தாமஸ் பீவர் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். அதே கட்டுமானம். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் அதைப் படித்துவிட்டு ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் பையனுக்கு நல்ல துணை இருக்கிறது.


#8 அகராதி_பிடிச்சவன்

ஹார்ட்லி மேட்டர்ல நடுப்பெஞ்சுகிட்ட நான் சரண்டர். பெரியவர் சொன்னதும் நல்லாயிருக்கு. ஆனா ஒரு நிஜத்தை எல்லாரும் சுத்தி வளைச்சுத் தாண்டிப் போறீங்க.

டீச்சர் தமிழ்ல சொல்வாங்கன்னு தெரிஞ்சுட்டா எந்தப் பையனும் ஆங்கில வரியைப் படிக்க மாட்டான். காத்துக்கிட்டு இருப்பான். நான் இருந்திருக்கேன்! சயின்ஸ் சார் ஆங்கிலத்துல ஒரு தரம், தமிழ்ல ஒரு தரம் சொல்வார். ஆங்கிலம் ஓடும்போது நாங்க ஜன்னல் வழியா வேடிக்கை பார்ப்போம், தமிழ் ஆரம்பிச்சதும் தலை திரும்பும். சுவிட்ச் போட்ட மாதிரி. டீச்சர் வகுப்புல நடந்ததும் அதுதானே?

பெரியவருக்கு முப்பது வருஷ அனுபவம், மூணு இடத்தோட நிறுத்திக்கிறார். நேத்து வேலைக்குச் சேர்ந்தவர் நிறுத்துவாரா? "தேவைப்பட்டா தமிழ்"னு சொன்னா, எல்லா வரியும் தேவைதான்னு ஆயிடும்.


#9 சொல்லேருழவன்

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு. அதனால்தான் நான் பொருளைத் தமிழில் சொல்வதில்லை, கேள்வியைத்தான் தமிழில் கேட்கிறேன். பொருள் சொன்னால் காத்திருப்பான். கேள்வி கேட்டால் வரிக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

எதற்குத் தமிழ், எதற்கு வேண்டாம் என்பதில் எனக்கு ஒரு கணக்கு. கையால் தொடுகிற பொருள் என்றால் படம் போதும், தமிழ் வீண். ஆல்தோ, அன்லெஸ், வேர்ஆஸ் மாதிரி இணைப்புச் சொல்லுக்குத் தமிழ் கட்டாயம். அதை எந்தப் படத்தில் காட்டுவது? அதிலும் ஆல்தோ தலையில் நிற்கும், நம் "ஆலும்" வினையின் வாலில் ஒட்டும். "ஆல்தோ ஹி வாஸ் டயர்ட்" என்றால் டயர்ட் வரைக்கும் போய்விட்டுத்தான் "களைத்திருந்தாலும்" என்று கட்ட முடியும். பிள்ளைகள் ஆல்தோவுக்கு "இருந்தாலும்" என்று மேலே எழுதிவைத்துக்கொண்டு, "இருந்தாலும் அவன் களைப்பாக இருந்தான்" என்று படிப்பார்கள். பொருள் தலைகீழ்! சொல்லுக்கு மேல் தமிழ் எழுதுகிற பழக்கம் இப்படித்தான் குழியில் தள்ளும். தொடருக்குத் தமிழ் எழுதட்டும், சொல்லுக்கு வேண்டாம்.

அப்புறம், தெரிந்த சொல்லே காலை வாரும். தமிழில் நாம் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம், அவர்களுக்குத் தங்குகிற இடம். ஒரு தடவை "தி கண்டக்டர் ரெய்ஸ்ட் ஹிஸ் ஸ்டிக்" என்று இசைக்குழு பற்றிய பாடம். ஒரு பிள்ளை கேட்டது, "ஏன் சார், டிக்கெட் வாங்கலயா?"


#10 நடுப்பெஞ்சு

😂😂 அந்தப் பிள்ளைக்கு என் சார்பா ஒரு சாக்லேட்.


#11 நாலுகுரல்

இந்த இழையைப் படித்துக்கொண்டு வரும்போதே ஒரு பொறாமை. உங்கள் எல்லாருக்கும் வகுப்பில் ஒரே தாய்மொழி. என் வகுப்பில் நான்கு. அதில் இரண்டு எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. "எந்தத் தேனீ" என்று நான் எந்த மொழியில் கேட்பது?

முதலில் ஆங்கிலம் மட்டும் என்று இருந்தேன், வேறு வழி தெரியாததால். பிறகு வேல்ஸில் சென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1994-ல் எழுதியதைப் பற்றித் தெரியவந்தது. வெல்ஷ், ஆங்கிலம் இரண்டையும் ஒரே பாடத்தில் திட்டமிட்டு மாற்றுவார்கள்: ஒன்றில் வாசிப்பு, மற்றதில் பேச்சோ எழுத்தோ. இன்று டிரான்ஸ்லாங்குவேஜிங் என்று பேசுகிறார்களே, அந்தப் பெயரின் வேர் அங்கேதான். ஆசிரியர் மொழி தாவுவதைப் பற்றியே நாம் யோசிக்கிறோம். மாணவர்கள் தாவினால் போதாதா?

இப்போது ஒரே மொழி பேசுகிறவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைக்கிறேன். பத்தியை மௌனமாக வாசிக்க ஐந்து நிமிடம். பிறகு ஐந்து நிமிடம் அவரவர் மொழியில் பேசலாம். எனக்கு ஒன்றும் புரியாது, சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஒரே நிபந்தனை: பேசும்போது விரல் புத்தகத்தில் அந்த வரிமேல் இருக்க வேண்டும். நான் சுற்றி வரும்போது விரலைத்தான் பார்ப்பேன். விரல் வரியை விட்டு எழுந்துவிட்டால் பேச்சு வேறெங்கோ போய்விட்டது என்று தெரிந்துவிடும். பிறகு "எந்த வரியில் சண்டை வந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்பேன். சண்டை வந்த வரிதான் அன்றைய பாடம்.

ஒரு சிக்கல் தீரவில்லை. ஒரு மொழிக்கு ஒரே ஒரு பையன் இருக்கிறான். அவனுக்குப் பேச ஆள் இல்லை. ஓரத்தில் உன் மொழியில் எழுதிக்கொள் என்றேன். "பேசத்தான் தெரியும் டீச்சர், எழுதத் தெரியாது" என்றான். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.


#12 விடைத்தாள்

புதுசாகச் சேர்ந்தவன். தாள் திருத்தித் திருத்தி நொந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கீழே உள்ளதைப் படித்துவிட்டு விடை எழுதுங்கள்.

"மிலுக்கன் காலையில் சடுவத்தைப் பொருகினான். சடுவம் மிகவும் தவிலாக இருந்ததால் அவன் நெடுநேரம் கிழுவினான்."
கேள்வி 1: மிலுக்கன் எதைப் பொருகினான்? 
கேள்வி 2: அவன் ஏன் நெடுநேரம் கிழுவினான்?

இரண்டுக்கும் விடை எழுதிவிட்டீர்களா? முழு மதிப்பெண். வாழ்த்துகள். மிலுக்கன் என்ன செய்தான் என்று எனக்கும் தெரியாது, இப்போதுதான் இட்டுக்கட்டினேன்.

நம் பிள்ளைகள் ஆங்கிலப் பத்திக்கு விடை எழுதுவது இப்படித்தான். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுது. பத்தியும் ஆங்கிலம், கேள்வியும் ஆங்கிலம், விடையும் ஆங்கிலம் என்றால் புரிந்ததா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஒரு தடவை ஒரே பத்திக்கு இரண்டு தாள் வைத்தேன். முதல் தாளில் வழக்கம்போல. இரண்டாவதில் கேள்வி ஆங்கிலத்தில், விடை தாய்மொழியில். முதல் தாளில் காலியாக விட்டிருந்த ஒரு பெண், இரண்டாவதில் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். கதையில் சொல்லாமல் விட்டதைக்கூடப் பிடித்திருந்தாள். அவளுக்குப் புரிகிறது, ஆங்கிலத்தில் எழுத வரவில்லை. முதல் தாளில் பத்துக்குப் பத்து வாங்கிய பையன் இரண்டாவதில் இரண்டு வரி எழுதினான், இரண்டும் தப்பு. இத்தனை நாள் இவளை மக்கு என்றும் அவனைக் கெட்டிக்காரன் என்றும் வைத்திருந்தேன். இருவருக்கும் வேண்டிய மருந்து வேறு வேறு. நான் ஒரே மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.


#13 இரண்டாம்மொழி

மிலுக்கனை நான் திருடிக்கொள்கிறேன், அனுமதி உண்டுதானே?

அகராதி சார் கேட்ட "எங்கே நிறுத்துவது" என்பதற்கு எண்ணில் விடை தேடியவர்கள் உண்டு. டேவிட் அட்கின்சன் 1987-ல் தாய்மொழியை ஆதரித்து எழுதியபோதே, ஆரம்ப நிலையில் ஐந்து சதவீதம் தாய்மொழி, தொண்ணூற்றைந்து ஆங்கிலம் என்ற அளவு பலன் தரலாம் என்றார். எனக்கு இந்தச் சதவீதக் கணக்கில் ஈடுபாடு இல்லை. ஐந்து சதவீதத்தையும் "சத்தம் போடாதே" என்பதற்கே செலவழிக்கலாம். நம்மில் பலர் அப்படித்தான் செலவழிக்கிறோம்.

இதில் நமக்கு நெருக்கமான ஒரு பதிவும் இருக்கிறது. சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாண வகுப்பறைகளைப் பார்த்து 1995-ல் எழுதியது. பாடநூல் சார்ந்த பேச்சு ஆங்கிலத்தில், மற்ற சொந்தப் பேச்செல்லாம் தமிழில் என்று அங்கே தானாகவே ஒரு பிரிவினை நடந்திருந்தது. ஆங்கிலம் விறைப்பான மொழி, தமிழ் மனசு விட்டுப் பேசுகிற மொழி. யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்கிறார்கள். கதையைப் பற்றிப் பிள்ளைக்குத் தோன்றுவதெல்லாம் தமிழ்ப் பக்கத்தில் இருக்கிறது, கதை ஆங்கிலப் பக்கத்தில் இருக்கிறது என்றால் இரண்டும் சந்திக்கும் இடத்தை யாராவது உண்டாக்க வேண்டும் அல்லவா?

ஓர் எச்சரிக்கை. எந்தத் தாவலும் காப்பாற்றாத பத்திகள் உண்டு. ஹூ, நேஷன் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வின்படி, துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ள நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும். ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். ஆசிரியர் துணை இருந்தால் இதைவிடக் கடினமானதையும் எடுக்கலாம். ஆனால் ஐந்து சொல்லுக்கு ஒன்று தெரியவில்லை என்றால் அங்கே உத்தி யோசிக்காதீர்கள், பத்தியை மாற்றுங்கள்.


#14 அகராதி_பிடிச்சவன்

சரி, நான் பாதி இறங்கி வரேன். மூணு நிபந்தனை. தாவினா திரும்பி ஆங்கில வரிக்கே வந்து முடியணும். ஒரு தடவை தமிழ்ல பிரிச்ச கட்டுமானத்தை அடுத்த தடவை தமிழ்ல பிரிக்கக்கூடாது, அவங்களே பிரிக்கட்டும். மூணாவது, மாசா மாசம் பென்சில் குறி குறையணும். குறையலன்னா பழைய கதைதான்.

மீதிப் பாதியை அப்புறம் பேசிக்கலாம் 🙂


#15 கரும்பலகை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், திருத்தும் வேலை.

பென்சில் குறி வேலை செய்கிறது. முதல் நாள் குறித்தபோது பதினொன்று வந்தது! அழித்து அழித்து நான்காக்கினேன். "எந்த" என்ற கேள்வி இப்போது வகுப்பில் ஒரு விளையாட்டாகிவிட்டது. நீண்ட வாக்கியம் வந்தால் நான் வாயைத் திறப்பதற்குள் யாராவது "எந்த?" என்று கத்துகிறார்கள். நம் அச்சுப்பிழைப் பையன் வேறு பாடத்தில் அதே மாதிரி வரியைக் கண்டுபிடித்து, "மிஸ், இங்கேயும் ஆண்ட் விட்டிருக்காங்க" என்று சிரித்தான். ஹார்ஸ் ரேஸ்ட் வரியை அவனுக்கு எழுதிக் கொடுத்தேன். வீட்டில் எல்லாரையும் அதை வைத்துப் பாடாய்ப் படுத்துகிறானாம்.

சொதப்பியதும் உண்டு. பாடம் தொடங்குமுன் பின்னணி சொல்லலாம் என்று தமிழில் ஐந்து நிமிடம் பேசினேன். பேச்சு சுவாரசியத்தில் முடிவையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஒருவரும் படிக்கவில்லை. ஏன் படிக்க வேண்டும்? இப்போது பின்னணி என்றால் இரண்டு வாக்கியம், அதுவும் ஒரு கேள்வியில் முடிகிற மாதிரி. விடைத்தாள் சார் சொன்ன இரண்டு தாள் முறையையும் வைத்துப் பார்த்தேன். யார் யார் இடம் மாறினார்கள் என்று இங்கே எழுத மனமில்லை. என்னை நானே நொந்துகொண்டேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயம் சரியாகவில்லை. ஒன்று, இரண்டு பாடம் பின்தங்கிவிட்டேன், பக்கத்து வகுப்பு முன்னால் போய்விட்டது. மற்றொன்று, கடைசி வரிசைப் பெண்கள் தமிழில் கேட்டால் மளமளவென்று சொல்கிறார்கள். "இப்போ வரியை வாசி" என்றால் குரல் போய்விடுகிறது. உச்சரிப்புக்கு யாராவது சிரிப்பார்களோ என்ற பயம்.


#16 சொல்லேருழவன்

பின்தங்கியது கிடக்கட்டும் அம்மா, திறந்துவிட்ட கண் பிற்பாதிப் பாடங்களில் வேகமாக ஓடும். என் வகுப்புகளில் ஓடியது.

கடைசி வரிசைக்கு: தனியாக வாசிக்கச் சொல்லாதீர்கள். மூன்று மூன்று பேராகச் சேர்ந்து வாசிக்கட்டும். மூன்று குரலில் யார் தப்பு என்று யாருக்கும் தெரியாது. நானும் பக்கத்தில் நின்று நாலாவது குரலாகச் சேர்ந்துகொள்வேன்.


#17 கரும்பலகை

நாளைக்கே செய்கிறேன் ஐயா. போகிற போக்கில் இன்னொன்று. நாளைய பத்தியில் ஒரு வரி: "நாட் அன்டில் தி ரெய்ன் ஸ்டாப்ட் டிட் தி பீஸ் லீவ்." இதற்குப் பென்சில் குறி போடுவதா வேண்டாமா என்று அரை மணி நேரமாக யோசிக்கிறேன். நடுப்பெஞ்சு, நீங்கள் படித்துச் சொல்லுங்கள், நீங்கள்தான் எனக்கு அளவுகோல்.


#18 நடுப்பெஞ்சு

என்னை அளவுகோல் ஆக்கிட்டீங்களே 😅 இருங்க... மழை நிக்கிற வரைக்கும் தேனீ கிளம்பல. இல்ல, மழை நின்ன அப்புறம்தான் கிளம்புச்சு. ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?


#19 கரும்பலகை

ஒன்றுதான். "அப்புறம்தான்" என்பதில் அந்தத் "தான்" எங்கிருந்து வந்தது?


#20 நடுப்பெஞ்சு

நாட் அன்டில்லருந்துதான். அது சரி, நடுவுல அந்த டிட் என்ன பண்ணுது?


#21 கரும்பலகை

குறி போட்டுவிட்டேன்.